இராமானுஜன் கேட்ட கடிதங்கள்

எத்துணை கல்வி நிரம்பியவனாயினும் ஒருவன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளுதல் தகாது என்பது நன்னூலார் கொள்கை. ஆகவேதான் ஒரு நூலின் பெருமையை எடுத்துரைக்கும் சிறப்புப் பாயிரத்தை நூல் செய்தவனே எழுதலாகாது என்று விலக்கிய பவணந்தி முனிவர், அதனை எழுதுதற்கு உரியவர் இன்னின்னார் என்றும் வரையறுத்தார். அவ்வரிசையில் முதலில் நிற்பவன் நூல் செய்தவனுடைய ஆசிரியன். உடன் கற்றவனும், அவனிடம் கற்ற மாணாக்கனும், தகுதி வாய்ந்த உரைகாரனும் ஆசிரியனுக்குப் பின்னரே வருகின்றனர். நூலுக்கு வகுத்த இவ்விதி கல்லூரி வாயிலில் வந்து நிற்கும் மாணவனுக்கும் பொருந்தக் காண்கிறோம். அவன் பெற்ற மதிப்பெண்களை அவனே எடுத்துக் காட்டலாம். அவன் எத்தகையவன் என்பதை மற்றொருவர்தாம் சொல்லவேண்டும். சொல்லுதற்கு முதல் உரிமை உடையவர் அவனுக்குக் கற்பித்தவரே.

ஆனால் ஆசிரியர் எழுதித் தருவன எல்லாம் ஒரு தன்மையன அல்ல. ஆண்டு முடிவில் பள்ளி அலுவலக மேசைமேல் கட்டுக்கட்டாகக் கையொப்பத்திற்குக் காத்துக் கிடக்கும் நற்சான்றுகளை எண்ணிப் பாருங்கள். ‘நல்லொழுக்கம் உடையவன், கடமை உணர்ச்சி மிக்கவன், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்’ என்று எழுதிய ஒரு தாளில் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் அஃது அடுத்த மாணவனுக்கும் பொருந்திவிடும். அதில் பொய் ஏதும் இல்லை. செய்தியும் இல்லை. ஒருவனை அறிந்து, அவனுக்காக இன்னொருவரிடம் வாதாடும் கடிதம் வேறு வகையது. அத்தகைய கடிதம் என்ன செய்யும், எங்கே தவறும், எப்படிக் கேட்டுப் பெறப்படுகிறது என்பதற்குக் கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வரலாற்றினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. அம்மேதையின் கணிதத்தைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அவர் கையில் ஏந்திச் சென்ற கடிதங்களைப் பற்றி அத்துணை பேசப்படவில்லை.

கதை தொடங்கும் இடம் கும்பகோணம். அவ்வூர் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் 1880ஆம் ஆண்டில் ஓய்வுபெற விரும்பியபோது, தம் இடத்திற்கு உ. வே. சாமிநாதையரே தக்கவர் என்று கல்லூரி முதல்வர் கோபாலராவிடம் எடுத்துரைத்தார். சாமிநாதையர் ஆங்கிலக் கல்வி பயின்று பட்டம் பெற்றவர் அல்லர். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். உடன் கற்றவர் உரைக்கலாம் என்ற நன்னூல் விதிக்கு இலக்கியமாக அமைந்த நிகழ்ச்சி அது. ஒருவரின் சொல்லை நம்பிக் கல்லூரி ஒரு தமிழாசிரியரைப் பெற்றது. தமிழ்நாடு சங்க நூல்களைப் பெற்றது. அதே கல்லூரிக்கு இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து உபகாரச் சம்பளத்துடன் வந்து சேர்ந்தார் இராமானுஜன்.

இராமானுஜனைப் பற்றிய முதல் பரிந்துரை ஏட்டில் எழுதப்படவில்லை, மேடையில் பேசப்பட்டது. 1904ஆம் ஆண்டு கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் கணிதத்திற்கான இரங்கநாதராவ் பரிசை அவருக்கு வழங்குகையில், இம்மாணவனுக்கு முழு மதிப்பெண்ணும் போதாது என்னும் பொருள்படத் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் அவையோர்க்கு அறிமுகம் செய்தார். நூற்றுக்கு நூறு என்ற அளவுகோலே சிறிது என்று ஒரு தலைமையாசிரியர் பலர் அறியச் சொல்வதற்குத் துணிவு வேண்டும். மறு ஆண்டே அந்தச் சொல்லுக்குச் சோதனை வந்தது. கல்லூரியில் கணிதம் ஒன்றிலேயே மூழ்கிய இராமானுஜன் மற்றப் பாடங்களில் தவறினார். உபகாரச் சம்பளம் பறிபோயிற்று. 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப். ஏ. தேர்வு எழுதினார், தேறவில்லை. 1907இல் மீண்டும் எழுதினார், அப்பொழுதும் தேறவில்லை. கல்லூரிக் கதவு அத்துடன் மூடிவிட்டது. கையில் எஞ்சியது ஒரு குறிப்புப் புத்தகமே. 1909இல் திருமணமும் நடந்தது.

இதன்பின் அவர் செய்த வேலை கடிதம் கேட்டு நடப்பது என்றே சொல்லலாம். 1910இல் திருக்கோவலூருக்குச் சென்றார். அங்கே டெப்டி கலெக்டராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தோற்றுவித்தவர். இராமானுஜன் அவரிடம் கேட்டது பெரிதன்று. ஏதேனும் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தால் போதும் என்றார். இராமசாமி ஐயர் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். வேலை தர மறுத்துவிட்டார்! வருவாய்த் துறையின் அடிப்படியில் அமர்த்தி இந்த அறிவை நெரித்துவிடத் தமக்கு மனம் வரவில்லை என்று பின்னாளில் அவர் கூறினார். கேட்டதைக் கொடுக்காமல், சென்னையில் உள்ள கணிதம் அறிந்த நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார். கேட்பவனுக்கு என்ன வேண்டும் என்பதை அவனினும் நன்கு அறிந்தவர் செய்யக்கூடிய செயல் இது. அன்று பசியுடன் திரும்பிய இளைஞர்க்கு அது கசந்திருக்கவும் கூடும்.

சென்னையில் அக்கடிதம் சென்று சேர்ந்தவர்களுள் ஒருவர் பி. வி. சேஷு ஐயர். கும்பகோணத்தில் இராமானுஜனுக்குக் கற்பித்தவர். அப்போது மாநிலக் கல்லூரியில் இருந்தார். தேர்வில் இருமுறை தவறிய மாணவனை, பல ஆண்டுகளுக்குப் பின் வாசலில் கண்டபோது, அவருக்கு நினைவிற்கு வந்தது தவறிய பாடங்கள் அல்ல. அவர் இன்னொரு கடிதம் எழுதினார். அது நெல்லூர்க் கலெக்டர் இரா. இராமச்சந்திர ராவுக்கு. குள்ளமான, தடித்த உருவம், மழிக்காத முகம், அழுக்கேறிய தோற்றம், ஒளி வீசும் கண்கள், கக்கத்தில் இடுக்கிய நைந்த குறிப்புப் புத்தகம் என்று அந்த முதற் சந்திப்பை இராமச்சந்திர ராவ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். முதலில் அவருக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. வந்தவன் மெய்யான அறிஞனா, பித்தனா, ஏமாற்றுபவனா என்று துணிய அவருக்குச் சில சந்திப்புகள் தேவைப்பட்டன. ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்டபோது, ஆராய்ச்சியைத் தொடர்வதற்கு உயிர் வாழும் அளவிற்குச் சிறு தொகை வேண்டும் என்பதே விடை. மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்தே கொடுக்க இராமச்சந்திர ராவ் இசைந்தார்.

ஈண்டு ஒன்றைச் சொல்லாமல் செல்லுதல் நேர்மை ஆகாது. கடிதம் கேட்பதற்குக் கதவு வேண்டும். டெப்டி கலெக்டர், பேராசிரியர், கலெக்டர் எனக் கை மாறிக் கை மாறி இராமானுஜன் சென்ற வழி, கற்றோர் குழு ஒன்று ஒருவரை ஒருவர் அறிந்திருந்ததால் அமைந்த வழி. வறுமை அவரிடம் இருந்தது. ஆயினும் தட்டுவதற்குரிய கதவுகள் எவை என்று அறிந்தவர்கள் அவரைச் சுற்றி இருந்தார்கள். இரப்பர் மரக்காட்டு நடுவே பெற்றோரின் கூலியைத் தவிர வேறொன்றும் அறியாமல் வளரும் பிள்ளைக்கு அந்த வரிசையில் முதற் கதவாக நிற்பவர் அவனுடைய பள்ளி ஆசிரியர் ஒருவரே. அவர் எழுதாவிடில் எழுதுவோர் வேறு யாரும் இல்லை.

பிறர் கையை எதிர்பார்த்து உண்பது இராமானுஜனுக்கு நீண்ட நாள் ஒப்பவில்லை. 1912 பிப்ரவரி 9ஆம் நாள் சென்னைத் துறைமுக டிரஸ்ட் அலுவலகத்திற்கு எழுத்தர் வேலை வேண்டி விண்ணப்பித்தார். எஃப். ஏ. வரை படித்ததாகவும், சில இடையூறுகளால் மேலே தொடர இயலாது போயிற்று என்றும் விண்ணப்பத்தில் குறித்தார். அதனுடன் மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதிய கடிதத்தை இணைத்தார். அக்கடிதம் சில வரிகளே கொண்டது. இளைஞர் கணிதத்தில், சிறப்பாக எண்கள் பற்றிய பகுதியில், வியக்கத்தக்க ஆற்றல் படைத்தவர் என்று அது கூறுகிறது. அத்துடன் நின்றுவிடவில்லை. கணக்கிடுவதில் இயல்பான திறம் உடையவர், எண்களைக் கையாள்வதில் மிக விரைவானவர் என்று தொடர்கிறது. ஆசிரியர்கள் ஊன்றிப் படிக்கவேண்டிய இடம் இது. படிக்கப்போகிறவர் துறைமுகக் கணக்கு அலுவலகத்தார். முடிவிலாத் தொடர்களைப் பற்றிய மேதைமை அவர்களுக்கு எதற்கு? அவர்களுக்கு வேண்டியதைச் சொல்லி, சொன்னதில் மிகைபடாமலும், மெய்ம்மை குன்றாமலும் மிடில்மாஸ்ட் எழுதினார். மார்ச்சு முதல் நாள் இராமானுஜன் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலையில் அமர்ந்தார். துறைமுக டிரஸ்ட் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும் அவருக்கு வாய்த்த நற்பேறு எனலாம். நாராயண ஐயர் தாமே கணிதம் கற்பித்தவர்.

இனி வருவது மறுப்புக் கடிதம். சென்னைப் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் கிரிபித், 1912 இறுதியில் இராமானுஜனின் எழுத்துக்களை இலண்டனில் இருந்த தம் பழைய ஆசிரியர் ஹில் என்பாருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். இளைஞருக்குக் கணிதத்தில் சுவையும் ஓரளவு ஆற்றலும் உண்டு. ஆனால் அடிப்படைக் கல்வி போதாமையால் விரியும் தொடர்களில் இடறியிருக்கிறார் என்று ஹில் மறுமொழி எழுதினார். எந்த நூலைப் படித்தால் பிழை நீங்கும் என்றும் குறித்தார். தம் மாணவனாக ஏற்றுக்கொள்ள முன்வரவில்லை. இதனைக் குருட்டுத்தனம் என்று பழிப்போர் உண்டு. அஃது அத்துணை நியாயமன்று. முன்பின் அறியாத ஒருவனுடைய தாள்களை வரி வரியாகப் படித்து, குறை எங்கே என்று சுட்டி, நூற்பெயரும் கொடுப்பதற்கு எத்தனை பேராசிரியர்கள் நேரம் ஒதுக்குவர்? வெறும் வாழ்த்துரையினும் இத்தகைய மறுப்பு மதிப்புடையது. கேம்பிரிட்ஜில் வேறு கணித அறிஞர்களுக்கும் இராமானுஜன் எழுதிப் பயன் காணவில்லை என்பர்.

அதன்பின் எழுதப்பட்டதே உலகறிந்த கடிதம். 1913 சனவரி 16ஆம் நாள், கேம்பிரிட்ஜ் திரினிடி கல்லூரியைச் சேர்ந்த ஹார்டிக்கு இராமானுஜன் தாமே எழுதினார். தாம் துறைமுக டிரஸ்ட்டில் எழுத்தர் என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர் என்பதையும் முதலிலேயே மறையாது சொல்லிவிட்டு, ஏறத்தாழ 120 தேற்றங்களை இணைத்தனுப்பினார். தற்புகழ்ச்சியைத் தடுத்த நன்னூலார் விதிவிலக்கும் வகுத்திருக்கிறார் என்பதைத் தமிழாசிரியர்கள் அறிவர். மன்னன் அவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை உணராதவரிடையே நிற்கும்போதும் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளலாம் என்பது அவ்விலக்கு. கணித உலகின் அரசவைக்கு, தன்னை அறியாதவர்க்கு எழுதிய ஓலை இது. அதிலும் இராமானுஜன் தம்மைப் புகழவில்லை, தேற்றங்களைப் பேசவிட்டார். ஹார்டியும் அவருடைய தோழர் லிட்டில்வுட்டும் அத்தாள்களை ஆராய்ந்து, எழுதியவர் முதல்தரக் கணித அறிஞர் என்னும் முடிவிற்கு வந்தனர். பிப்ரவரி 8ஆம் நாள் ஹார்டி மறுமொழி விடுத்தார். நிறுவல்களை அனுப்புமாறு கேட்டார்.

அதற்கு இராமானுஜன் பிப்ரவரி 27ஆம் நாள் எழுதிய விடை, கடிதம் கேட்பது எப்படி என்று அறிய விரும்பும் எவரும் படிக்கத்தக்கது. தம் உழைப்பைப் பரிவுடன் நோக்கும் ஒரு நண்பரைக் கண்டுகொண்டதாக மகிழ்கிறார். பின்பு ஒளிவு மறைவின்றிப் பேசுகிறார். தாம் பாதிப் பட்டினியில் இருப்பதாகவும், மூளையைக் காத்துக்கொள்ள முதலில் உணவு வேண்டும் என்றும் சொல்கிறார். ஹார்டியிடமிருந்து பரிவான ஒரு கடிதம் வந்தால், பல்கலைக்கழகத்திடமோ அரசினரிடமோ உபகாரச் சம்பளம் பெறுவதற்கு அது துணைபுரியும் என்கிறார். பணம் கேட்கவில்லை, புகழுரை கேட்கவில்லை. எந்தக் கடிதம், யாரிடம் காட்டுவதற்கு, எதற்காக என்பதைச் சொல்லிக் கேட்கிறார். கேட்பவன் இவ்வளவு தெளிவாகக் கேட்டால் எழுதுபவர்க்கு வேலை எளிதாகும். நம் மாணவர்களோ, தலையைச் சொறிந்துகொண்டு ‘ஒரு சான்றிதழ் வேண்டும் ஐயா’ என்பதோடு நிறுத்திவிடுகின்றனர். எந்தக் கல்லூரிக்கு, எந்தப் படிப்பிற்கு என்று ஆசிரியரே துருவித் துருவிக் கேட்க வேண்டியிருக்கிறது.

அவ்விடை அஞ்சலில் சேர்ந்த நாளுக்கு முன்தினமே, அவர் அறிந்தோ அறியாமலோ, சென்னையில் இன்னொரு கடிதம் எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் இந்திய வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர். இவரும் திரினிடி கல்லூரியில் கணிதம் பயின்றவர். அலுவல் காரணமாகச் சென்னைக்கு வந்தவரை ஸ்பிரிங் அழைத்துக் குறிப்புப் புத்தகத்தைக் காட்டச் செய்தார். மறுநாள், பிப்ரவரி 26, வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளர்க்கு எழுதினார். தாம் கண்ட பகுதி, புதுமையில், கேம்பிரிட்ஜ்க் கல்லூரிக் கணித அறிஞர் ஒருவரின் படைப்போடு ஒப்பிடத்தக்கது என்கிறார். அடுத்த மூச்சிலேயே, முடிவுகளை எங்கும் செல்லத்தக்கனவாக ஏற்பதற்கு வேண்டிய நிறைவும் நுட்பமும் அதில் குறைவு. சூழ்நிலையை நோக்க அஃது எதிர்பார்க்கத்தக்கதே என்கிறார். இத்துறையில் தாம் தனித்தேர்ச்சி பெறாதவர், ஆதலால் இவ்விளைஞரின் ஆற்றல் ஐரோப்பியப் புகழ் ஈட்டும் அளவினதா என்று உறுதியாக மதிப்பிட இயலாது என்றும் ஒப்புக்கொள்கிறார். இவ்வளவும் சொன்ன பின்பே, சில ஆண்டுகளேனும் பிழைப்பைப் பற்றிய கவலையின்றி இவர் முழு நேரமும் கணிதத்தில் செலவிடப் பல்கலைக்கழகம் உதவுவது முற்றிலும் தக்கதே என்று முடிக்கிறார்.

இதனினும் சிறந்த பரிந்துரைக் கடிதத்தைக் காட்டுவது அரிது. தமக்குத் தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று கோடு கிழித்தமையால்தான் தெரிந்ததைப் பற்றிய அவர் சொல்லுக்கு எடை ஏறுகிறது. குறையே சொல்லாத கடிதத்தைக் கல்லூரியார் பாதிதான் நம்புவர். ஆராய்ச்சிக்கான உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கே உரியது என்னும் விதி குறுக்கே நின்றது. எஃப். ஏ. தேர்விலேயே தவறியவர்க்கு அதனை எப்படிக் கொடுப்பது? ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் நோக்கம் எனச் சட்டத்தின் முகவுரையே கூறுகிறது என்று சிண்டிகேட்டில் எடுத்துக்காட்டப்பட்டது என்பர். 1913 ஏப்ரல் மாதத்தில், மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டுகளுக்கு உதவித்தொகை வழங்க முடிவாயிற்று. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும் என்பது நிபந்தனை.

கேம்பிரிட்ஜுக்கு அழைத்துச் செல்லும் முயற்சியில் ஹார்டிக்காகச் சென்னைக்கு வந்தவர் நெவில். 1914 சனவரி 28ஆம் நாள் அவர் பதிவாளர்க்கு விடுத்த கடிதத்தின் போக்கு வாக்கருடையதற்கு நேர்மாறானது. அதில் தயக்கமே இல்லை. இராமானுஜனைக் கண்டுபிடித்தது நம் காலக் கணித உலகின் மிகச் சிறந்த நிகழ்ச்சியாகும் என்றும், கணித வரலாற்றின் மாபெரும் பெயர்களுள் அவர் பெயரும் ஒன்றாகும் என்றும், மறைவிலிருந்து புகழுக்கு அவர் செல்லத் துணைநின்றமைக்காகச் சென்னைப் பல்கலைக்கழகமும் நகரமும் பெருமை கொள்ளும் என்றும் எழுதினார். மிகைபோல் தோன்றும். ஆனால் நெவில், கேம்பிரிட்ஜில் கணிதம் கற்பித்தவர். குறிப்புப் புத்தகங்களை நேரில் கண்டு இராமானுஜனோடு அளவளாவியவர். அறியாதவன் சொன்னால் முகமன் ஆகும் சொல், அறிந்தவன் சொன்னால் சான்றாகிறது. மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் லிட்டில்ஹெயில்ஸ் மறுநாளே ஆதரவுக் கடிதம் எழுதினார். ஸ்பிரிங் ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் அலுவலகத்திற்கு எழுதினார். ஆண்டிற்கு 250 பவுன் வீதம் இரண்டாண்டுகளுக்கு உதவித்தொகையும், கப்பற் பயணச் செலவும் கிடைத்தன. அத்தொகையில் மாதம் 60 ரூபாய் கும்பகோணத்தில் இருந்த பெற்றோர்க்குச் செல்ல இராமானுஜன் ஏற்பாடு செய்தார். திரினிடி கல்லூரியும் ஆண்டிற்கு 60 பவுன் சேர்த்துக் கொடுத்தது.

1914 மார்ச்சு 17ஆம் நாள் கப்பல் புறப்பட்டது. எஃப். ஏ. தேறாதவர் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவரானார். 1916இல் ஆராய்ச்சியின் வழியே பட்டமும் பெற்றார். 1918இல் ராயல் சொசைட்டியும் திரினிடி கல்லூரியும் அவரைத் தம் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தன. உடல்நிலை அதற்குள் கெட்டுவிட்டது. தாயகம் திரும்பவிருந்த அவருக்காக ஹார்டி 1918 நவம்பரில் சென்னைப் பதிவாளர்க்கு எழுதினார். இதற்குமுன் எந்த இந்தியரும் பெற்றிராத அறிவியல் மதிப்புடன் அவர் திரும்புகிறார் என்றும், வெற்றியினால் அவருடைய இயல்பான எளிமை சிறிதும் மாறவில்லை என்றும் அக்கடிதத்தில் குறித்தார். கற்பித்தவர் அன்றி வேறு யார் இந்த இரண்டாவது செய்தியை எழுதப்போகிறார்? பல்கலைக்கழகம் ஆண்டிற்கு 250 பவுன் வீதம் ஐந்தாண்டுகளுக்கு வழங்க முன்வந்தது.

அதற்கு நன்றி கூறி இராமானுஜன் 1919 சனவரி 11ஆம் நாள் பதிவாளர்க்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. இத்தொகை தம் தேவைக்கு மிகுதியாகும் என்கிறார். ஆண்டிற்கு 50 பவுன் பெற்றோர்க்குக் கொடுக்கவேண்டும். தம் செலவு போக எஞ்சுவதைக் கல்விப் பணிக்குப் பயன்படுத்தவேண்டும். குறிப்பாக, ஏழைப் பிள்ளைகளுக்கும் தாய் தந்தையற்ற பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகங்கள் வாங்கவும் செலவிடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் அவர் மறைந்தார். அப்போது வயது 32.